மூன்றாம் கட்டிலும் நான்காம் கட்டிலும்

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் யூனியன் செயலாளரைக் கூட்டிக்கொண்டு வந்த தகப்பன் கொளஞ்சி ஒருத்தனாகத்தான் இருக்க வேண்டும். பிள்ளை உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கையில் எவனாவது அப்படிச் செய்வானா என்று கேட்கலாம். மில்லில் பதினாலு வருஷம் தறி ஓட்டியவன் செய்வான். ஒரு திங்கட்கிழமை காலையில் ஆளுக்கு ரெண்டு தறி என்பதை நாலு தறி என்று மாற்றி, 'சும்மா மூணு மாசத்துக்கு ட்ரயல்' என்று சொல்லிக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மூணு மாசம் கழித்து ஷெட்டில் பாதிப் பேர் வேலை போய் வீட்டுக்குப் போனார்கள். அன்றிலிருந்து அந்தத் தொழிலாளிகள் கல்யாணப் பத்திரிகையைக்கூட ரெண்டு தரம் படித்துவிட்டுத்தான் வாங்கினார்கள்.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி. அஞ்சு நாள் விடாத மழை. அவர்கள் குடியிருந்த உப்பளம் பேட்டையில் சாக்கடை எது தெரு எது என்று தெரியவில்லை. தெருக்குழாயில் டீத்தண்ணி நிறத்தில் வந்ததைத் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். வீட்டுக்கு ஒருத்தர் வாந்தி பேதி என்று படுத்தார்கள். கொளஞ்சியின் மகள் ஜெயத்துக்கு ஒன்றரை வயது. விடியற்காலையில் ஆரம்பித்தது, எட்டு மணிக்கெல்லாம் கண் உள்ளே போய்விட்டது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளினபடியே நின்றது. அழுதாள், கண்ணீர் வரவில்லை.

அதைப் பார்த்ததும் தாய்க்காரி தனக்கொடி பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். மூணு வருஷத்துக்கு முன்னால் இதே மழையில், இதே பேதியில், இதே வீட்டில்தான் அம்மாவாசை என்கிற மூத்த பையன் செத்துப்போனான். அவனுக்கு வைத்தியம் கஞ்சித்தண்ணி. அதைக் குடித்துக்கொண்டே போனான் என்பது அவள் மனசில் பதிந்துபோன கணக்கு. இந்த முறை அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. ஈரச் சேலையோடு ரிக்‌ஷாவில் ஏறிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் காகிதத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. போனவுடன் தலையில் நரம்பைத் தேடிப் பிடித்து டிரிப் ஏற்றிவிட்டார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் டாக்டர் ஜானகிராமன் வந்தார். முப்பது வயதிருக்கும். சட்டைப் பையில் மூணு பேனா. ரெண்டு பேரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, குழந்தைகளுக்கு வரும் கடுமையான பேதிக்கு இங்கே ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, சம்மதம் என்றால் சேரலாம் என்று சொல்லிக் காகிதத்தை நீட்டினார். கொளஞ்சி எழுத்துக் கூட்டிப் படித்தான். மூணாவது வரியில் 'ட்ரயல்' என்று இருந்தது.

"தோ வந்துடறன் சார்" என்று காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான்.

யூனியன் செயலாளர் கலியபெருமாள் வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. குடையை மடக்கி, கண்ணாடியைத் துடைத்து, காகிதத்தை ரெண்டு தரம் படித்தார். பேச்சுவார்த்தைக்கு உட்கார்வது போல வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ரெண்டு மருந்துன்னு எழுதியிருக்கீங்க. அதுல எது நல்ல மருந்து சார்?"

"தெரியாதுங்க. அதத் தெரிஞ்சிக்கத்தான் ஆராய்ச்சி."

"தெரியாமயா புள்ளைங்களுக்குக் குடுக்கறீங்க?"

"ரெண்டுலயும் கெடுதல் இல்லீங்க. ஒண்ணு வழக்கமாக் குடுக்கற பாக்கெட் தண்ணி. சர்க்கரையும் உப்பும். இன்னொண்ணுல சர்க்கரைக்குப் பதிலா அரிசி மாவக் காய்ச்சி, அதே உப்பு போட்டிருக்கு. எதுல பேதி சீக்கிரம் நிக்குதுன்னு அளந்து பாக்கறோம்."

"எந்தப் புள்ளைக்கு எதுன்னு யாரு முடிவு பண்றது? நீங்களா?"

"நான் இல்ல. ஒட்டுன கவர் இருக்கு. வரிசையாப் பிரிப்போம். உள்ள என்ன எழுதியிருக்கோ அது."

கலியபெருமாள் சிரித்தார். "சீட்டுக் குலுக்கலா?"

"ஆளப் பாத்துக் குடுத்துடக் கூடாதுன்னுதாங்க கவர்."

"கவரை ஒட்டுறது யாரு?"

டாக்டர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "ஆபீஸ்ல."

"அதானே பாத்தேன்" என்றார் கலியபெருமாள். கொளஞ்சியின் பக்கம் திரும்பினார். "எங்கப்பா பிரான்சுப் பட்டாளத்துல சொல்தாவா சைகோன்ல இருந்தப்ப, பிரான்சுக்காரன் எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு ஊசி போட்டானாம். எதுக்குன்னு கேட்டா, நல்லதுக்குன்னானாம். அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அவருக்கு வலது கை மேல தூக்க வரல. கையெழுத்து போடலன்னா என்னா பண்ணுவீங்க சார்?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம். வெளி வார்டுல வெச்சு பாக்கெட் தண்ணி குடுப்போம். வைத்தியம் நிக்காது."

இதுதான் அவர்களை இன்னும் கலவரப்படுத்தியது. வேண்டாம் என்றால் சரி என்று விடுகிறவனை எப்படி நம்புவது? மிரட்டியிருந்தாலாவது ஏதோ ஒரு வழக்கத்துக்குள் வந்திருக்கும். ரெண்டு ஆம்பளைகளும் மூலைக்குப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள்.

தனக்கொடி அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. அவள் கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சி அறையில் ஆறு கட்டில், கட்டிலுக்கு ஒரு பிள்ளை. கித்தான் கட்டிலின் நடுவில் ஓட்டை போட்டு, கீழே அளவுக்கோடு போட்ட வாளி வைத்திருந்தார்கள். நர்சு மணிக்கொரு தரம் வந்து பிள்ளையைத் தொட்டுப் பார்த்து, வாளியைக் குனிந்து பார்த்து எழுதினாள். இந்தப் பக்கம் வெளி வார்டில் கட்டிலுக்கு ரெண்டு பிள்ளை, தரையில் பாய் போட்டு மீதி. நாற்பது பிள்ளைக்கு ஒரே நர்சு.

"சார், அந்த ரூம்புல போட்டா மணிக்கொரு தரம் ஒருத்தி வந்து எம்புள்ளயப் பாப்பாளா?"

"பாப்பாங்கம்மா."

"ரேகை எங்க வெக்கணும்?"

"ஏ, இரு, அண்ணன் பேசிக்கினு இருக்காரில்ல" என்று கொளஞ்சி பாய்ந்து வந்தான்.

"நீ பேசிக்கினே இரு. போன தரம் வூட்டுலயே வெச்சிப் பேசிக்கினு இருந்தோம்" என்று சொல்லி, மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தினாள்.

ஜெயத்துக்கு மூன்றாம் கட்டில் கிடைத்தது. சாயங்காலம் டிரிப்பைக் கழற்றிய பிறகு டாக்டர் ஒரு பழுப்புக் கவரைப் பிரித்தார். கமலா சிஸ்டர் அறையின் மூலையில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, பாத்திரத்தில் வெள்ளையாக எதையோ கரைத்துக் கிண்டினாள். வாசனை வந்தவுடன் தனக்கொடி தலையைத் திருப்பிப் பார்த்தாள். ஆறவைத்துத் தம்ளரில் ஊற்றித் தட்டால் மூடி, புகட்டப் பாலாடையும் கொடுத்தாள் சிஸ்டர்.

"கொஞ்சம் கொஞ்சமா ஊத்தும்மா. வாந்தியெடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி ஊத்து. நிறுத்தக் கூடாது."

மூடியைத் தூக்கிப் பார்த்தாள். கஞ்சி. சந்தேகமே இல்லை. இதிலிருந்து தப்பிக்கத்தான் ரிக்‌ஷா ஏறினாள்; ஆஸ்பத்திரிக்காரன் மேல்நாட்டுக் கவரெல்லாம் பிரித்து அதையே எடுத்துக் கொடுக்கிறான். உப்பளத்து மூஞ்சியைப் பார்த்ததும் இதுகளுக்குக் கஞ்சி போதும் என்று முடிவு பண்ணிவிட்டான் போலிருக்கிறது. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஊற்றாமலும் இருக்க முடியவில்லை, பாலாடை பாலாடையாக ஊற்றினாள்.

நாலாம் கட்டிலில் வடிவேல் என்கிற ரெண்டு வயதுப் பையன். அவனுடைய தாய் ராஜாம்பாள் ரெட்டியார்பாளையத்துக்காரி, மணிலாக் கொட்டையும் சவுக்கும் பயிர் போடுகிற குடும்பம். அவளுடைய தம்ளரில் பளிங்குத் தண்ணி. மறுநாள் காலையில் ரெண்டு பேரும் பன்னைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது பேச்சு வந்தது.

"ஒனக்கு பாக்கெட் மருந்து குடுக்கறாங்க. குடுத்து வெச்சவக்கா நீ" என்றாள் தனக்கொடி.

"எங்க? பச்சத் தண்ணிய ஊத்தி ஏமாத்தறான் அந்தாளு. நேத்து மத்தியானத்துலேர்ந்து ஊத்தறன், ஊத்த ஊத்தப் போயிக்கினேதான் இருக்குது. ஒம்புள்ளைக்குத்தான் கெட்டியா, காய்ச்சி, பக்குவம் பண்ணித் தர்றாங்க. ஸ்டவ்வு பத்த வெச்சுக் குடுக்கறது மருந்தா, கொழாயத் தொறந்து குடுக்கறது மருந்தா?"

"அய்ய, அது கஞ்சிக்கா. மோந்து பாரு."

"கஞ்சின்னு ஒனக்கு யாரு சொன்னா? உள்ள என்னா போட்டாங்களோ?"

"ஒனக்கு மட்டும் பச்சத் தண்ணின்னு யாரு சொன்னா?"

ரெண்டு பேரும் மற்றவள் தம்ளரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். டாக்டர் வேண்டியவர்களுக்கு ஒன்று, வேண்டாதவர்களுக்கு ஒன்று கொடுக்கிறார் என்பதில் ரெண்டு பேருக்கும் ஒரே கருத்து. வேண்டியவர் யார் என்பதில்தான் வித்தியாசம். அப்புறம் நடந்ததற்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. ஒரே மாதிரி ஆஸ்பத்திரித் தம்ளர், ஒரே மாதிரி தட்டு. சிஸ்டர் ஊற்றிவிட்டு ஆறாம் கட்டிலுக்கு நகர்ந்ததும் மூன்றாம் கட்டிலின் தம்ளர் நான்காம் கட்டிலுக்கும், நான்காம் கட்டிலுடையது மூன்றாம் கட்டிலுக்கும் போயிற்று. மிச்சத்தை அளக்க வருவதற்குள் தம்ளர்கள் சொந்தக் கட்டிலுக்குத் திரும்பிவிடும். டாக்டர் வாளியை அளந்தார், சிறுநீரை அளந்தார், எடை போட்டார், தம்ளரில் எத்தனை மில்லி மிச்சம் என்றுகூட எழுதினார். இதை மட்டும் எழுத அவருடைய நோட்டில் கட்டம் இல்லை.

மத்தியானம் கொளஞ்சி சோற்றுக் கேரியரோடு வந்தான். கருவாட்டுக் குழம்பும் சோறும். தனக்கொடி அவன் காதில் சொன்னாள். அவனுக்கு ரொம்ப சந்தோஷம். "நல்லா பண்ண. அண்ணன்கிட்ட சொன்னா மெச்சிக்குவாரு" என்றான். தனக்கொடி அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ஆனால் சாயங்காலத்திலிருந்து நான்காம் கட்டிலின் வாளியில் சத்தம் குறைந்தது. வடிவேல் புரண்டு படுத்தான், ராஜாம்பாளின் வளையலைப் பிடித்து இழுத்தான், பன் கேட்டு அழுதான். மூன்றாம் கட்டிலில் ஜெயம் பளிங்குத் தண்ணியைக் குடித்தாள், குடித்ததைவிட அதிகமாகப் போனாள். மூணாம் நாள் காலையில் கண் மறுபடி உள்ளே இறங்கியிருந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து ஒண்ணுக்குப் போகவில்லை. உதட்டைத் தொட்டால் காய்ந்த ஓலை.

தனக்கொடி நாலாம் கட்டிலுக்குப் போய்க் குனிந்தாள்.

"அக்கா, மாத்திக்கலாங்கா. எங்களதக் குடுத்துடு."

ராஜாம்பாள் தம்ளரை மடியோடு அணைத்துக்கொண்டாள். "எத மாத்திக்கறது?"

"எம்புள்ள தம்ளரத்தான்."

"நீதான கஞ்சின்ன. நீதான வேணான்ன."

"தெரியாம சொல்லிட்டங்கா. பாரு, அதுக்குக் கண்ணு நிக்கல."

"எம்புள்ளைக்கு பேதி நின்னுக்கினு வருது. தெரிஞ்சப்புறம் எப்பிடிம்மா குடுப்பன்? நீயா இருந்தா குடுப்பியா?"

தனக்கொடி தன் கட்டிலுக்குத் திரும்பினாள். அவளாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரிந்திருந்தது, அதனால்தான் ராஜாம்பாளை நிமிர்ந்து பார்க்க அவ்வளவு வெறுப்பாக இருந்தது.

எட்டு மணிக்கு டாக்டர் வந்தார். ஜெயத்தின் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். முகம் மாறிவிட்டது. "டிரிப் செட் கொண்டாங்க" என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டு நோட்டைப் புரட்டினார்.

"கஞ்சி இந்தப் புள்ளைக்கு ஒத்துக்கலம்மா. டிரிப் ஏத்திட்டு, கஞ்சிய நிறுத்தி, பாக்கெட் தண்ணிக்கு மாத்திடறேன். பயப்படாதீங்க."

தனக்கொடிக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கஞ்சியை நிறுத்துகிறாராம். நேற்றுக் காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்காத கஞ்சியை. எதைக் குடித்து இப்படி ஆயிற்றோ அதையே மறுபடி ஊற்றப் போகிறார், அதுவும் மருந்து மாற்றிவிட்டோம் என்கிற நம்பிக்கையோடு. வாயைத் திறந்தால் அறையை விட்டே துரத்துவார். திறக்காவிட்டால் பிள்ளை போய்விடும். கொளஞ்சி பக்கத்தில்தான் நின்றான். சொல்லாதே என்று கண்ணைக் காட்டினான்.

"சார்" என்றாள். "அது கஞ்சி குடிக்கல சார்."

"என்னது?"

"நேத்து காலைலயே மாத்திட்டோம். எங்களது அந்தக்கா புள்ளைக்கு. அவுங்களது எங்களுக்கு."

டாக்டர் அவளையே பார்த்தார். அவர் அதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பக்கத்துக் கட்டில் பிள்ளை தேறிவிட்டது என்று பார்த்து, அந்த மருந்தை வாங்கப் பொய் சொல்லுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார். அப்படி நினைக்கிறவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த அறையில் யார்தான் யாரை நம்பினார்கள்?

"ஏம்மா, உண்மையா?" என்று ராஜாம்பாளைக் கேட்டார்.

"நான் எதுக்கு சார் மாத்தறன்? அது புள்ளைக்கு முடியலன்னு வாய்க்கு வந்தத சொல்லுது."

"அக்கா!" தனக்கொடி கத்தினாள். "ஒம்புள்ள தலைல கைய வெச்சு சொல்லு. மாத்தலன்னு சொல்லு. நான் இந்த எடத்தவுட்டே போயிடறன்."

"சத்தியமெல்லாம் வேணாம்மா. தம்ளரக் குடுங்க, நானே பாத்துடறேன்" என்றார் டாக்டர். அவருடைய வழி அது. ஆனால் ராஜாம்பாள் அதற்குள் சத்தியத்துக்குக் கையைத் தூக்கிவிட்டாள். வடிவேலின் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கை நின்றது. பையன் அண்ணாந்து பார்த்து, அம்மா விளையாட்டுக் காட்டுகிறாள் என்று சிரித்தான். கை இறங்கவில்லை. மெல்ல மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"மாத்துனோம் சார். எம்புள்ளைய ஒண்ணும் பண்ணிடாதீங்க."

டாக்டர் வந்த கோபத்தில் நோட்டை மேஜையில் வீசினார். "பதினாறு மாசம்! பதினாறு மாசமா ஒவ்வொரு சொட்டா அளக்கறேன்!" என்றார். கமலா சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள். மற்ற நாலு கட்டில் தாய்மார்களும் அவரவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை டாக்டரும் கவனித்தார். அவர் அப்புறம் கத்தவில்லை. ஜெயத்தின் கட்டிலருகே மண்டிபோட்டு உட்கார்ந்து காலில் நரம்பு தேடினார். ரெண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் கிடைத்தது. சொட்டு விழ ஆரம்பித்த பிறகுதான் பேசினார்.

"எதுக்கும்மா மாத்துனீங்க?"

"எம்மொத புள்ள கஞ்சி குடிச்சித்தான் சார் செத்துச்சு."

"எவ்வளவு நேரம் குடுத்தீங்க அதுக்கு?"

"காலைல ரெண்டு மூணு தரம் குடுத்தன். குடிக்கக் குடிக்கப் போச்சு. தண்ணி குடுக்கறதாலதான் போவுதுன்னாங்க. நிறுத்திட்டன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் குடுக்கல. தண்ணி தண்ணின்னு கேட்டுச்சு. சாயங்காலம் கேக்கல."

டாக்டர் சொட்டுகளை எண்ணுவது போல டிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கொளஞ்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சொல்லி முடித்த பிறகுதான் தனக்கொடிக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. மூணு வருஷமாக அந்த நாளை அவள் கஞ்சியோடு முடித்துக்கொண்டிருந்தாள். கஞ்சிக்கு அப்புறம் ஒரு பகல் முழுக்க இருந்தது. பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்த பகல்.

ரெண்டு பெயரையும் டாக்டர் நோட்டில் கோடு போட்டு அடித்தார். அறையில் இனிமேல் இடமில்லை. ஜெயம் டிரிப்போடு வெளி வார்டுக்குப் போனாள், ஒரு கட்டிலில் பாதி கிடைத்தது. வடிவேல் தேறிவிட்டதால் மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ராஜாம்பாள் போகும்போது இந்தப் பக்கம் திரும்பவில்லை.

டிரிப் முடிந்ததும் டாக்டரே ஒரு தம்ளரோடு வெளி வார்டுக்கு வந்தார். கஞ்சி.

"ரெண்டு புள்ளைய வெச்சு நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா. ஆனா நீங்க கண்ணால பாத்தீங்க. ஊத்துங்க. நிறுத்தாம ஊத்துங்க."

அவள் ஊற்றினாள். வாந்தியெடுத்தால் காத்திருந்து ஊற்றினாள். வெளி வார்டில் மணிக்கொரு தரம் வந்து பார்க்க யாரும் இல்லை. அவளே தோலைக் கிள்ளிப் பார்த்தாள், உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் பத்து மணி சுமாருக்கு மடி சூடாக நனைந்தது. முதலில் பயந்துபோனாள். பேதி இல்லை. ஒண்ணுக்கு. நனைந்த சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு "போயிட்டாய்யா, எம்பொண்ணு ஒண்ணுக்குப் போயிட்டா" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். கொளஞ்சி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

அன்றைக்கு மத்தியானம் காலாப்பட்டிலிருந்து ஒரு மீனவப் பெண் வந்தாள். பெயர் குஞ்சம்மாள். மூன்றாம் கட்டில் காலியாக இருந்ததால் அவளிடமும் காகிதத்தைக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைக்கு உள்ளே டிரிப் ஓட, காகிதத்தோடு வராந்தாவில் நின்றவள், தனக்கொடியைப் பார்த்துக் கிட்டே வந்தாள்.

"யக்கா, நீ அந்த ரூம்புல இருந்தியாமே. என்னமோ ட்ரயலுன்றாங்க. பயமா இருக்குது. ஒம்புள்ளைக்கு என்னாக்கா குடுத்தாங்க அங்க?"

தனக்கொடி மடியில் தூங்கிய ஜெயத்தின் தலையைச் சரியாக எடுத்துவைத்தாள்.

"அவங்க என்னா குடுத்தாங்கன்னு கேக்காத தங்கச்சி" என்றாள். "நான் என்னா குடுத்தன்னு கேளு. ஒக்காரு, சொல்றன்."